அடுப்பில் ஏறிய பால்: இந்தியாவில் முதிர்ந்த பாலாடைக்கட்டி ஏன் உருவாகவில்லை?

சூடான தோசைக்கல்லில் பனீர்த் துண்டைப் போட்டால் சிவக்கும், ஓரம் மொறுமொறுப்பாகும், உருகாது. அதே கல்லில் மொசரெல்லாவைப் போட்டால் சற்று நேரத்தில் இளகி வழியும். இரண்டுமே பாலின் கட்டிதான். இந்த வேறுபாட்டை ரசனைக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் பாலைக் கையாளும் இரண்டு பெரும் மரபுகள் பிரிந்த இடத்தை அது காட்டுகிறது. உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. அப்படியிருந்தும் நிலவறையில் மாதக்கணக்கில் முதிரும் பாலாடைக்கட்டி இங்கே உணவின் அங்கமாகவில்லை. ஏன் என்று கேட்டால் கிடைக்கும் விடை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பாலை உறையவைக்கும் ரென்னெட் இளங்கன்றின் இரைப்பையிலிருந்து வருகிறது. பசுவைக் கொல்லாத சமூகத்துக்கு அது ஆகாது.

இந்த விடையைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் கேள்வியின் கனத்தை அதனால் தாங்க முடியவில்லை. கறந்த பாலை வேறெதுவும் செய்யுமுன் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிவிடும் வழக்கமே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். சமயத்தடை அந்த வழக்கத்துக்குத் துணை நின்றிருக்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

முதலில் பாலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன். எஞ்சியது தெளிநீரில் கரைந்திருக்கும் புரதங்கள். கேசீன் நுண்திரள்களாக மிதக்கிறது. திரளின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கப்பா-கேசீன் நுனிகள் ஒன்றை மற்றொன்று நெருங்கவிடாமல் தடுக்கின்றன. ரென்னெட்டில் உள்ள கைமோசின் என்ற நொதி அந்த நுனிகளை நறுக்கிவிடுகிறது. நறுக்குண்ட திரள்கள் கால்சியத்தின் துணையோடு வலையாகக் கோத்துக்கொள்கின்றன. மொசரெல்லா இழுபடுவதும் செடார் உருகுவதும் இந்த வலையின் இயல்பால்தான்.

பால் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சற்று நேரம் கொதித்துவிட்டால் கதை மாறுகிறது. தெளிநீர்ப் புரதங்களில் முக்கியமான பீட்டா-லாக்டோகுளோபுலின் சுருள் பிரிந்து, கந்தகப் பிணைப்பால் அதே கப்பா-கேசீன்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. கரைந்திருந்த கால்சியத்திலும் ஒரு பகுதி கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. அதற்குப்பின் நொதியால் சரியாக நறுக்கவும் முடியாது. நறுக்கிய திரள்கள் உறுதியாகச் சேரவும் சேராது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு பாத்திரத்தில் 35 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிய பச்சைப்பால், இன்னொன்றில் பொங்கக் காய்ச்சி அதே சூட்டுக்கு ஆறவைத்த பால். இரண்டிலும் ஒரே அளவு ரென்னெட். அரைமணி நேரத்தில் முதல் பாத்திரத்தில் விரலை விட்டுத் தூக்கினால் கட்டி சுத்தமாகப் பிளக்கும். பிளவில் பச்சைமஞ்சள் நீர் ஊறும். இரண்டாவதில் கொழகொழப்புதான். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் 72 டிகிரியில் 15 நொடியோடு நிறுத்திக்கொண்டு, அதற்கும் கால்சியம் குளோரைடு சேர்த்துச் சமாளிப்பது இதனால்தான்.

தயிரில் நிலைமை நேர் எதிர். காய்ச்சாத பாலில் உறை ஊற்றினால் தயிர் தளர்ந்து நீர் விடும். நன்றாகக் காய்ச்சிய பாலில்தான் சட்டியைச் சாய்த்தாலும் நகராத கெட்டித் தயிர் வரும். ரென்னெட்டுக்கு இடைஞ்சலாக இருந்த அதே ஒட்டுதல்தான் தயிரில் நீரைப் பிடித்துவைக்கிறது. பனீரும் அப்படித்தான். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச்சாறோ புளித்த தெளிநீரோ விட்டுத் திரித்தால், கேசீனோடு தெளிநீர்ப் புரதமும் சேர்ந்து இறங்குகிறது. விளைச்சல் கூடுகிறது, கட்டி சூட்டுக்கு இளகாமல் போகிறது. ஆக, காய்ச்சுவது வெறும் முன்னேற்பாடு இல்லை. எந்தப் பண்டத்துக்கு வழி திறப்பது, எதற்கு அடைப்பது என்பதை அந்த அடுப்பே தீர்மானித்துவிடுகிறது.

இனி சமயத்தடை வாதத்துக்கு வருவோம். அதன் அடியில் கால்நடை வளர்ப்பின் ஒரு நெருக்கடி இருக்கிறது. நாட்டுப்பசுவும் எருமையும் கன்று முட்டினால்தான் மடி சுரக்கும். கன்று செத்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. கன்றைக் கொன்று இரைப்பையை எடுப்பவன் அந்த ஈற்றின் பாலையே இழக்கக்கூடும். எனவே ரென்னெட் இங்கே எளிதில் புழங்காததற்குச் சாத்திரத்தைத் தேட வேண்டியதில்லை. தொழுவத்தைப் பார்த்தாலே போதும்.

ஆனால் ரென்னெட் இரைப்பையிலிருந்துதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஆட்டுக்குட்டியின் ரென்னெட்டோடு காட்டு முட்செடிப் பூவையும் அத்திப்பாலையும் பட்டியலிட்டிருக்கிறார். போர்ச்சுகலின் செர்ரா ட எஸ்ட்ரேலா பாலாடைக்கட்டி இன்றும் கார்டூன் என்ற முட்செடிப் பூவால் உறையவைக்கப்படுகிறது. நம் துணைக்கண்டத்தின் வடமேற்கிலேயே, சிந்து, பலூசிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில், அமுக்கராவின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காயால் பாலை உறையவைக்கும் வழக்கம் உண்டு. அந்தச் செடிக்கே பனீர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிர்க்கொலை இல்லாத நொதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கங்கைச் சமவெளியிலோ தக்காணத்திலோ அது ஒரு பாலாடைக்கட்டி மரபைத் தொடங்கிவைக்கவில்லை. தடை மட்டுமே காரணம் என்றால் தடையில்லாத இந்த வழி ஏன் காலியாகக் கிடந்தது?

இந்த வாதத்துக்கு ஆகச்சிறந்த உரைகல் மங்கோலியா. அங்கே பசுவதைத் தடை இல்லை. இறைச்சிதான் அன்றாட உணவு. வெப்பநாடும் அல்ல. நம்மூருக்குச் சொல்லக்கூடிய இரண்டு காரணங்களும், சமயமும் தட்பவெப்பமும், அங்கே செல்லாது. இருந்தும் மங்கோலிய மேய்ப்பர் பாலை ரென்னெட்டால் உறையவைத்து முதிரவைப்பதில்லை. அகன்ற இரும்புக் கொப்பரையில் பாலைக் காய்ச்சி, கரண்டியால் தூக்கித் தூக்கி ஊற்றி நுரைகிளப்பி, ஆறவிட்டு, மேலே படியும் தடித்த ஆடையை ‘ஓரோம்’ என்று மடித்தெடுக்கிறார்கள். காய்ச்சிய பாலில் புளித்த பாலை விட்டுத் திரித்துப் பிழிந்து அழுத்தியது ‘பியாஸ்லக்’. அது நம் பனீரின் உடன்பிறப்பு, உருகாது, முதிராது. புளித்த கட்டியைக் கூடாரத்தின் கூரைமேல் காயவைத்துப் பல் உடையும் ‘ஆரூல்’ ஆக்குகிறார்கள். சமயத்திலும் வானிலையிலும் நமக்கு எதிர்முனையில் நிற்கும் ஒரு மக்கள், பாலைக் காய்ச்சுவது என்ற ஒன்றில் மட்டும் நம்மோடு சேர்கிறார்கள். அவர்கள் பண்டங்களும் நம்முடையவற்றோடு சேர்ந்து நிற்கின்றன. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

துருக்கியைக் காட்டி இதை மறுக்கலாம். அங்கே தயிரும் உண்டு, ரென்னெட்டால் உறைந்த வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் உண்டு. உண்மைதான். ஆனால் அங்கே தயிருக்கான பால்தான் காய்ச்சப்படுகிறது. பாலாடைக்கட்டிக்கான பால் மரபுப்படி பச்சையாகவே எடுக்கப்படும். காய்ச்சுவதும் காய்ச்சாததும் ஒவ்வொரு தடவையும் செய்யப்படும் தேர்வு. மலைப்புல்வெளிகளில் வசந்தத்தில் ஆட்டு மந்தைகள் ஒரே சமயத்தில் பாலைக் கொட்டுவதால் அந்தத் தேர்வுக்கு இடமும் இருந்தது. இந்திய வீட்டில் நிலைமை வேறு. ஒன்றிரண்டு மாடு, காலையும் மாலையும் சில படி பால், வெளியே 35 டிகிரி வெயில். கறந்த பால் சில மணி நேரத்தில் அடுப்பேறாவிட்டால் பொழுதுசாயும்முன் திரிந்துவிடும். பெரும் பாலாடைக்கட்டிக்கு வேண்டியதோ பெருந்திரட்டு. 40 கிலோ எடையுள்ள ஒரு பார்மிஜானோ சக்கரத்துக்கு 500 லிட்டருக்குமேல் பால் செல்லும். அது குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். பிரான்சின் ஜூரா மலையில் கோம்தே பாலாடைக்கட்டி செய்யும் கிராமத்தார் பல வீட்டுப் பாலை ஒன்றாகச் சேர்க்கும் கூட்டமைப்பைப் பல நூற்றாண்டுகளாக நடத்திவருகிறார்கள். பச்சைப்பாலை ஊரெல்லாம் சுற்றிச் சேர்க்கக் குளிர்ந்த காற்று ஒத்துழைக்க வேண்டும்.

அப்படியானால் மிகுந்த பாலை நாம் எப்படிச் சேமித்தோம்? நெய்யாக. இந்த ஒப்பீட்டை உணவு வரலாற்றில் போதிய அளவு யாரும் வற்புறுத்துவதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஐரோப்பாவில் முதிர்ந்த பாலாடைக்கட்டி செய்த பொருளாதார வேலையை, அதாவது கெடும் பாலைக் கெடாத சரக்காக மாற்றிச் சந்தைக்கு அனுப்பும் வேலையை, இங்கே செய்தது நெய். அதற்கு நிலவறை வேண்டாம், உப்பு வேண்டாம், கோடையிலும் பானையில் கிடக்கும். அன்றாடப் பாலைக் காய்ச்சி உறையிட்டுக் கடைந்த வெண்ணெயை நாலு நாள் சேர்த்து உருக்கினால் போதும். ஒரே நாளில் 500 லிட்டர் திரட்டவேண்டிய தேவையே இல்லை. பாலாடைக்கட்டி கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துச் சேமிக்கிறது. நெய் கொழுப்பை மட்டும் சேமிக்கும். புரதம் மோராக அன்றே குடிக்கப்பட்டுவிடும், மிஞ்சினால் மோர்க்குழம்பாகும். பருப்பு விளையும் நாட்டில் பால்புரதத்தைக் குளிர்காலத்துக்குப் பூட்டிவைக்கும் நெருக்கடி அவ்வளவாக எழவில்லை என்பது என் ஊகம்.

காய்ச்சுவதை விடாமல் கடைசிவரை கொண்டுபோனால் கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளில் அகன்ற சட்டியின் அடியை விடாமல் துடுப்பால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். நீர் வற்ற வற்றப் பால்சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பும் மணமும் ஏறுகின்றன. இதே வினையால் உருவானதுதான் நார்வேயின் பழுப்புப் பாலாடைக்கட்டி. 1863இல் குட்பிரான்ஸ்தாலில் அன்னே ஹோவ் என்ற பெண் அதில் பாலேடு சேர்த்து இன்றைய வடிவத்தைத் தந்தார். கவனிக்கவேண்டியது மூலப்பொருள். நார்வேயில் வற்றவைப்பது பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரை. இத்தாலியின் ரிக்கோட்டாவும் அந்த மிச்ச நீரை மறுபடி சூடாக்கித் திரட்டியதுதான். ரென்னெட் மரபில் சூடு இரண்டாவதாக, எஞ்சியதன்மேல் வருகிறது. நம் மரபில் அது முதலில், முழுப்பாலின்மேல் வருகிறது. ஆகவே இங்கே ரிக்கோட்டாவுக்கு என்று தனியாக எதுவும் மிஞ்சுவதில்லை.

வங்காள இனிப்புகளுக்கு அடிப்படையான சேனாவை, அதாவது பாலைத் திரித்து வடித்த கட்டியை, இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்கலாம். பாலை வேண்டுமென்றே திரிப்பது இந்து மரபில் விலக்காக இருந்தது, ஹூக்ளிக் கரையில் குடியேறிய போர்ச்சுகீசியர்தான் அதைப் பழக்கினார்கள் என்ற கருத்தை உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா பரப்பினார். இதில் இரண்டு இடறல்கள். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம், காய்ச்சிய பாலைப் புளிப்பால் திரித்து இனிப்பு செய்வதை முன்பே பேசுகிறது. அடுத்து, போர்ச்சுகீசியர் கார்டூன் பூவால் பால் உறையவைக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாண்டேல் பாலாடைக்கட்டி, அமிலத்தால் திரித்து உப்பிட்டுப் புகையூட்டிய சிறு வில்லை. அவர்கள் தாக்கம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், காய்ச்சிய பாலுக்குப் பொருந்தியது மட்டுமே இங்கே தங்கியது. ரசகுல்லா வங்காளத்ததா ஒடிசாவினதா என்ற சண்டை 2017இலும் 2019இலுமாக இருவருக்கும் புவிசார் குறியீடு கிடைத்து ஓய்ந்தது. அதை நான் கிளறப்போவதில்லை. இரண்டு ஊர் ரசகுல்லாவும் திரிந்த கொதிபாலில்தான் தொடங்குகின்றன.

விதிவிலக்கு உண்டா? ஜம்முவின் உதம்பூர்ப் பகுதியில் குஜ்ஜர் மேய்ப்பர் செய்யும் களாரி உண்டு. அதற்குக் காய்ச்சாத முழுப்பால் எடுத்து, புளித்த தயிரோ தெளிநீரோ விட்டு மரத்துடுப்பால் கடைந்து, திரளும் கட்டியை இழுத்துத் தட்டி, இலைத்தொன்னையில் வைத்து உலர்த்துகிறார்கள். கல்லில் போட்டால் தன் கொழுப்பிலேயே பொரிந்து உள்ளே இளகி நூலாக இழுபடும். இந்திய மண்ணில், இந்திய மேய்ப்பர் கையில், விலங்கு ரென்னெட்டே இல்லாமல் உருகும் பாலாடைக்கட்டி ஒன்று இருக்கிறது. அது காய்ச்சாத பாலில் பிறந்தது. விதிவிலக்காக வந்தது வாதத்துக்குச் சாட்சியாக மாறிவிடுகிறது. பெனின் நாட்டில் ஃபுலானிப் பெண்கள் செய்யும் வாகாசி இன்னும் சிக்கலானது. நம் எருக்கின் நெருங்கிய உறவான செடியின் சாற்றைச் சூடேறிய பாலில் விட்டு உறையவைத்து, மேலும் கொதிக்கவிடுகிறார்கள். நொதியும் உண்டு, கொதிப்பும் உண்டு. கடைசியில் கிடைப்பதோ எண்ணெயில் பொரித்தாலும் உருகாத கட்டி. நொதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சமயத்தடை விளக்கத்தைச் சோதிக்க இப்போது ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரென்னெட் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. நுண்ணுயிரில் வளர்த்த கைமோசினுக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி தந்தது. இந்தியத் தொழிற்சாலைகளின் பாலாடைக்கட்டிப் பொட்டலங்களில் சைவப் பச்சைப்புள்ளி இருக்கிறது. பீட்சாக் கடைகளில் கூட்டத்துக்கும் குறைவில்லை. தடை நீங்கிவிட்டது. ஆனாலும் வீட்டுச் சமையலறையில் ரென்னெட் நுழையவில்லை. அங்கே இன்றும் பால் திரிந்தால் பனீர், உறைந்தால் தயிர். தொழிற்சாலையில் ஒருமுறை சூடேற்றிக் குளிர்வித்து உறையில் அடைத்து வரும் பாலைக்கூட, வாங்கிய கையோடு கத்தரித்து ஊற்றி இன்னொரு முறை பொங்கவிட்டுத்தான் இறக்குகிறோம்.