வட்டிலிருந்து விதிக்கு: யுனிக்ஸ் கணினிகளில் சாதன அனுமதி நிலைபெற்ற வரலாறு

லினக்ஸிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ ஒரு ஸ்கேனருக்குச் சிமோட் கட்டளையால் அனுமதி கொடுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், அந்த அனுமதி இருக்காது. பழைய இயங்குதளத்தின் பழைய குறை இது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இது பிற்காலத்தில் வந்த குறை. யுனிக்ஸ் தோன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை பெரும்பாலான பயனர்கள் இச்சிக்கலைக் கண்டதில்லை. அதுவரை நிலைப்பை யாரும் தனியாகத் திட்டமிடவில்லை. அது வட்டின் தயவால் தானாக வாய்த்தது. அந்தத் தயவு போன பிறகுதான் அதைத் தனியே கட்ட வேண்டி வந்தது.

பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், சாதனங்களைக் கோப்புகளாகவே நடத்துவதன் நன்மைகளைச் சொல்கிறார்கள். சாதாரணக் கோப்புக்குரிய பாதுகாப்பு முறை சாதனத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பது அவற்றில் ஒன்று. டெவ் அடைவில் இருந்த ஒவ்வொரு சாதனக் கோப்பும் வட்டில் எழுதப்பட்ட ஐநோடு. அதில் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றோடு, டிரைவரையும் சாதனத்தையும் சுட்டும் இரு எண்கள் இருந்தன. நிர்வாகி ஒருமுறை மாற்றினால் மாற்றம் வட்டில் பதிந்துவிடும். சாதனம் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அன்று இல்லை.

யூஎஸ்பி இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. சாதனங்கள் வந்தும் போயும் கொண்டிருந்தன. எந்தப் பிரிண்டருக்கு எந்தப் பெயர் அமையும் என்பது அவற்றைச் செருகிய வரிசையைப் பொறுத்தது. லினக்ஸில் அந்த இரு எண்களுக்கும் தலா 8 பிட்டுகளே இருந்தன. இல்லாத சாதனங்களுக்கும் கோப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் 2000இல் லினக்ஸ் கெர்னலின் சோதனை வரிசையில் சேர்ந்தது. அதில் சாதனக் கோப்புகள் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தன, இருக்கும் சாதனங்களுக்கு மட்டுமே தோன்றின. கணினியை அணைத்தால் கோப்பு போகும். கொடுத்த அனுமதியும் கூடவே போகும்.

இதற்குக் கூச் தம் ஆவணத்தில் காட்டிய ஒரு வழி சுவையானது. யாரும் கைவைக்காத சாதனக் கோப்பின் மாற்ற நேரம் பூஜ்ஜியமாகவே இருக்கும். ஆகவே பூஜ்ஜியம் அல்லாதவற்றை மட்டும் அணைப்பதற்கு முன் டார் கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம். இது ஒட்டுவேலை என்று பலர் கருதுவதை அவரே குறிப்பிட்டு, டெவ்எஃப்எஸ்டி என்னும் துணை நிரலைப் பரிந்துரைத்தார். இழந்த வட்டை வேறிடத்தில் மீட்டுக்கொள்ளும் முயற்சியாகவே இரண்டையும் நான் பார்க்கிறேன்.

உண்மையான மாற்றம் யூடெவ்வோடு வந்தது. கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2003இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் அதை முன்வைத்தார். சாதனம் செருகப்பட்டதும் கெர்னல் செய்தி அனுப்பும். பயனர் தளத்தில் இயங்கும் நிரல் விதிக் கோப்புகளைப் படித்துப் பெயரும் அனுமதியும் தரும். இன்ன தயாரிப்பாளர் எண், இன்ன பொருள் எண் கொண்ட சாதனம் வந்தால் குழு இது, அனுமதி 0660 என்று நிர்வாகி எழுதி வைக்கிறார். இப்போது அனுமதி ஒட்டியிருப்பது சாதனத்தின் விவரணையில், கோப்பில் அன்று. இன்னும் வாங்காத ஸ்கேனருக்கும் இன்றே அனுமதி எழுதிவைக்கலாம். பழைய வட்டு முறையால் இது இயலாது. டெவ்எஃப்எஸ் 2006இல் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. 2009இன் 2.6.32 பதிப்பில் வந்த டெவ்டிஎம்பிஎஃப்எஸ், கோப்பை உருவாக்கும் வேலையைக் கெர்னலுக்கே திருப்பித் தந்தது. அனுமதி தரும் பொறுப்பு யூடெவ்விடமே நின்றது.

ஃப்ரீபிஎஸ்டி வேறு பாதையில் போனது. பவுல்-ஹென்னிங் காம்ப் திருத்தி அமைத்த டெவ்எஃப்எஸ், 2003 ஜனவரியில் வந்த 5.0 பதிப்பில் இயல்பானதாயிற்று. பெயர் ஒன்றாயினும் இதற்கும் கூச்சின் நிரலுக்கும் தொடர்பில்லை. இங்கே இரண்டு கோப்புகள். டெவ்எஃப்எஸ் கான்ஃப், கணினி தொடங்கும்போது ஒருமுறை படிக்கப்படுவது. அந்த நேரத்தில் இருக்கும் சாதனங்களுக்கு மட்டும் பலிக்கும். பின்னால் செருகும் யூஎஸ்பி வட்டுக்கு டெவ்எஃப்எஸ் ரூல்ஸ் வேண்டும். அதன் விதித் தொகுதி கெர்னலுக்குள்ளேயே ஏற்றப்பட்டு, புதிய கோப்பு தோன்றும்போது பொருத்திப் பார்க்கப்படும். எந்தத் தொகுதி நடப்பில் இருக்க வேண்டும் என்பதை ஆர்சி கான்ஃப் கோப்பில் தனியே சொல்லாவிட்டால், எழுதிய விதிகள் வெறும் எழுத்தாகவே கிடக்கும். புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சிறைகள் எனப்படும் தனித்த சூழல்களிலிருந்து சாதனங்களை மறைக்கவும் இதே விதிகள்தாம் பயன்படுகின்றன. இவை பெயரின் வடிவத்தைப் பார்ப்பவை, தயாரிப்பாளர் எண்ணைப் பார்ப்பவை அல்ல. குறிப்பிட்ட ஒரு ஸ்கேனரைச் சுட்ட டெவ்டி என்னும் இன்னொரு நிரலின் துணை வேண்டும். நுணுக்கத்தில் யூடெவ் மேல். சுருக்கத்தில் ஃப்ரீபிஎஸ்டியின் முறையே எனக்குப் பிடித்தது.

அனுமதி யாருக்கு என்னும் கேள்வி இதற்கு இணையாகவே ஓடியது. குழுவில் சேர்ப்பது எளிய வழி. ஆனால் ஆடியோ குழுவில் உள்ளவர் வேறு ஊரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தாலும் அறையின் மைக்கைத் திறக்கலாம். சன்ஓஎஸ்ஸின் எஃப்பிடேப் கோப்பு, முனையத்தின் முன் உட்கார்ந்து நுழைபவருக்குச் சாதனங்களின் உரிமையை மாற்றித் தந்தது. ரெட்ஹேட்டின் பாம் கன்சோலும் அதே எண்ணத்தில் எழுந்தது. இன்றைய லினக்ஸில் லாகின்டி இதைச் செய்கிறது. விதியில் யூஅக்செஸ் என்ற குறியை இட்டால், திரைக்கு முன் செயலில் இருப்பவருக்கு மட்டும் அணுகல் பட்டியல் வழியே அனுமதி கிடைக்கும். அமர்வு மாறினால் அது விலகும். விதிக் கோப்பின் பெயர் 73க்கு முந்தைய எண்ணில் தொடங்க வேண்டும், ஏனெனில் அந்தக் குறியைச் செயல்படுத்தும் கோப்பு 73இல் இருக்கிறது.

ஆக, நிலையாக எழுதப்படும் விதி ஒன்று, நிலையற்ற அனுமதியை வழங்குகிறது. அமர்வே இல்லாமல் பின்னணியில் இயங்கும் நிரலுக்கு இது உதவாது. டெபியனில் சீரியல் போர்ட்டுக்கு டயல்அவுட் என்ற குழு இன்னும் வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளுக்கான வழிகாட்டிகள் சில இந்த வரலாற்றை எல்லாம் தாண்டி 0666 என்று எழுதச் சொல்கின்றன. அந்த விதியும் நிலைக்கத்தான் செய்யும், கணினியில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும்.