குயின்ஸ் பூக்காத ஊரில் ஜாதிக்காய் காய்த்த கதை

இன்னைக்கு எபிசோட் என்னுடைய ஒரு தோல்வியில இருந்து தொடங்குது. ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு போன்சாய் வாங்கினேன். படத்துல கறுத்த குச்சிகள், இலையே இல்லை, குச்சி முழுக்கச் சிவப்புப் பூ. பூக்கும் குயின்ஸ். ஜப்பான்ல இதுக்கு ‘போகே’ன்னு பேர். சென்னை பால்கனி வெயிலுக்குத் தாங்காதுன்னு தென்காசியில சித்தி வீட்டு மொட்டை மாடியில கொண்டுபோய் வெச்சேன். குற்றாலக் காத்து பக்கத்துலயே வருது, செடிக்கு வேற என்ன வேணும்?

இலை வந்தது. பூ வரலை. போன ஆடி மாசம் சித்தி கேட்டாங்க: “ஏய்யா, பூக்கும்னு சொல்லித்தான கொண்டாந்த? இது வெறும் முள்ளால்லா இருக்கு!”

காரணம் எளிமையானது. இது இலையுதிர்க்கிற குளிர்நாட்டுப் புதர். மொட்டெல்லாம் குளிர்காலத்துல தூங்கி எழுந்திரிக்கணும். அதுக்குச் சில நூறு மணி நேரமாவது ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேணும். தென்காசியில மார்கழி ராத்திரிகூட 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அப்போ செடிக்குத் தூக்கமே வராது. தூங்காத செடி ஒழுங்கா விழிக்கவும் விழிக்காது.

சரி, இந்தச் செடி ஜப்பானை விட்டு எப்போ வெளியே வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் திரும்பக் குற்றாலத்துலயே வந்து நின்னது. அதுதான் இன்னைக்குக் கதை.

ஸ்வீடன்காரர் துன்பெர்க், டச்சுக் கம்பெனியின் மருத்துவரா 1775-ல ஜப்பான் போனவர். 1784-ல அவர் எழுதிய ஜப்பான் தாவர நூல்ல இந்தச் செடியைப் பேரிக்காய் இனம்னு நினைச்சு ‘பைரஸ் ஜப்போனிகா’ன்னு பேர் வெச்சார். 1796-ல ஜோசப் பேங்க்ஸ் மூலமா ஒரு பூக்கும் குயின்ஸ் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து சேருது. வேடிக்கை என்னன்னா, வந்தது சீனத்து இனம். ஆனா எல்லாரும் அதைத் துன்பெர்க்கோட ஜப்பான் செடின்னே நம்பிட்டாங்க. இங்கிலாந்துல இன்னைக்கும் தோட்டக்காரங்க அதை ‘ஜப்போனிகா’ன்னுதான் கூப்பிடுறாங்க.

பேங்க்ஸைத் தெரிஞ்சுக்கணும். ராயல் சொசைட்டியின் தலைவர். எந்தச் செடியை எந்தக் கடல் தாண்டி எங்கே நட்டா பேரரசுக்கு லாபம்னு கணக்குப் போட்ட மனுஷன். பவுன்டி கப்பல் டஹிடியில இருந்து ஈரப்பலாக் கன்று ஏத்தினதும் அவர் திட்டம்தான். அந்தக் கப்பல்ல 1789-ல கலகம் நடந்து, கன்றுகள் கடல்லயே போச்சு.

இப்போ அதே 1796. பிப்ரவரி, மார்ச் மாசங்கள்ல ஆங்கிலேயக் கடற்படை டச்சுக்காரங்க கையில இருந்து அம்போய்னா, பாண்டா தீவுகளைப் பிடிக்குது. உலகத்தின் கிராம்பும் ஜாதிக்காயும் பெரும்பாலும் அந்தச் சின்னத் தீவுகள்லதான். வேற யாரும் முளைக்க வெச்சிடக் கூடாதுன்னு டச்சுக்காரங்க ஜாதிக்காயைச் சுண்ணாம்புல தோய்ச்சு விற்பாங்களாம். கம்பெனி உடனே கியூவில பயின்ற கிறிஸ்டோபர் ஸ்மித்தை அங்கே அனுப்பிக் கன்றுகளை அள்ளச் சொல்லுது. பினாங்குக்கும் கல்கத்தாவுக்கும் பெட்டி பெட்டியா போகுது. அவசரத்துக்கு அர்த்தம் இருந்தது. 1802 அமைதி ஒப்பந்தப்படி தீவுகளை டச்சுக்காரங்ககிட்டயே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

அந்த அலையில நனைஞ்ச ஊர்கள்ல ஒண்ணு குற்றாலம். 1800-ஐ ஒட்டிய வருஷங்கள்ல கம்பெனி அங்கே ஜாதிக்காய், கிராம்பு, பட்டைன்னு வாசனைத் தோட்டம் போடுது. காசாமேஜர் என்ற கம்பெனி அதிகாரியின் பெயர் இந்தத் தோட்டங்களோடு சேர்த்துச் சொல்லப்படுது. காலத்தைக் கவனிங்க. 1799 அக்டோபர்ல கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801-ல பாஞ்சாலங்குறிச்சியில மறுபடியும் பீரங்கி. அதே சீமையில, மேற்கு மலையடிவாரத்துல, அதே கம்பெனி ஜாதிக்காய்க் கன்றுக்கு நிழல் பார்த்துக்கிட்டு இருக்கு. பாளையக்காரர் போர்னு நாம படிச்ச பாடத்துல இந்தத் தோட்டம் வர்றதே இல்லை. எனக்கு அது பெரிய விடுபடலாத் தெரியுது. நிலத்தைப் பிடிச்சது எதுக்குன்னு இந்தக் கன்றுகள் சொல்லும்.

கன்று கடல்ல வர்றதும் லேசில்லை. காத்துப் புகாத கண்ணாடிப் பெட்டி வர்றதுக்கு இன்னும் 30 வருஷம் இருக்கு. மரப்பெட்டியில கொஞ்சம் மண்ணு, மேலே உப்புச் சாரல், மாலுமிகளுக்கே அளந்து ஊத்துற நல்ல தண்ணி. கொஞ்சம் மண்ணுல முழு வேரையும் அடக்கி, தினம் தண்ணி பார்த்து உயிரைப் பிடிச்சு வைக்கிறது. போன்சாய் வளர்க்கிறவங்களுக்கு இந்தப் பதற்றம் நல்லாப் புரியும்.

நட்ட பிறகும் பொறுமை வேணும். ஜாதிக்காய்ல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. ஆறேழு வருஷம் தண்ணி ஊத்தி, முதல் பூ பூத்தாத்தான் எது எதுன்னு தெரியும். பாதி மரம் ஆணா இருந்துட்டா, அத்தனை வருஷ உழைப்பும் நிழலுக்குத்தான்.

ஆனா குற்றாலத்துல அது பிழைச்சது. ஏன்? ஆரியங்காவுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே தணியிற இடத்துல தென்மேற்குப் பருவக்காத்து புகுந்து வருது. சமவெளி காயுற ஜூன், ஜூலையில இங்கே சாரல். அப்புறம் ஐப்பசியில வடகிழக்கு மழை வேற. பனி கிடையாது. கடல் சூழ்ந்த பாண்டாவின் ஈரத்துல ஒரு பங்கு இங்கே கிடைச்சது. குயின்ஸுக்கு இல்லைன்னு சொன்ன அதே மண்ணு, ஜாதிக்காய்க்கு இடம் கொடுத்தது.

வெளியே இருந்து வந்ததைப் பத்தியே பேசிட்டோம். 1830-கள்ல ராபர்ட் வைட் குற்றாலம் வந்தது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்குன்னு பார்க்க. காட்டுச் செடிகளைத் திரட்டினார். அவர் நூல்களுக்குப் படம் வரைஞ்ச ரங்கையா, கோவிந்து பெயர்கள் நமக்குத் தெரியும். ஒரு ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பேரையே வைட் வெச்சார். அதுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடியே சம்பந்தர், குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் அந்த ஊர்க் குறும்பலாவுக்குத் தனியா ஒரு பதிகமும் பாடிட்டுப் போயிருக்கார். குறும்பலான்னா குட்டையான பலா. மரத்துக்குன்னே பதிகம்!

சரி, குயின்ஸ் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு: ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் இருந்தா முயற்சி பண்ணுங்க. வேர்ல இருந்து பக்கக் கன்று விட்டுக்கிட்டே இருக்கும், அதனால ஒத்தைத் தண்டா வளர்க்கிறது கஷ்டம். ஜப்பான்ல ‘சோஜுபாய்’ங்கிற குட்டை வகையைக் கொத்தாவே வளர்க்கிறாங்க. தொட்டி மாத்துறதை வசந்தத்துல செய்யாம இலையுதிர் காலத்துல செய்வாங்க, வசந்தத்துல வேர்க்கழலை நோய் தொத்தும்னு. பூ பழைய குச்சியிலதான் வரும், கண்டபடி வெட்டாதீங்க. காய் பிடிச்சா சீக்கிரம் கிள்ளிடுங்க, சின்ன மரம் சோர்ந்துடும்.

என் செடியைக் கொடைக்கானல்ல இருக்கிற ஒரு நண்பனுக்குக் கொடுத்துட்டேன். தொட்டி காலியாச்சு. சித்தி சும்மா விடுவாங்களா? மாடிச் சுவர் வெடிப்புல ஒரு இச்சிக் கன்று தானா முளைச்சிருந்தது. வேரோட பிடுங்கி அதுல வெச்சிட்டாங்க. ஒரு மாசத்துல மூணு இலை. “இது யாரைக் கேட்டு வளருதுங்க?”

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போனீங்கன்னா பழத்தோட்ட அருவிப் பேரை ஒரு தடவை நின்னு படிங்க. அருவிக்குத் தோட்டத்தோட பேர். வழியில மங்குஸ்தான், ரம்புட்டான் விப்பாங்க. அதுவும் அந்தத் தீவுகள் பக்கத்துல இருந்து வந்ததுதான். மங்குஸ்தான் வாங்கும்போது ஓட்டை அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா வேண்டாம்.