பிரஜையும் குடியும்

தமிழ்நாட்டுச் செய்தித்தாள் ‘குடியுரிமை’ என்று எழுதுவதை இலங்கை மலையகத்தில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் பழைய தலைமுறை ‘பிரஜாவுரிமை’ என்றே சொல்லும். சட்டம், மனு, கூட்டப் பேச்சு எல்லாவற்றிலும் புழங்கிய சொல் அது.

‘பிரஜை’ வடசொல். பிறத்தலைக் குறிக்கும் ‘ஜன்’ என்ற வேரிலிருந்து வந்தது; முதற்பொருள் பிள்ளை, சந்ததி. அரசனைத் தகப்பனாகக் கருதிய காலத்தில் ஆளப்படுவோர் அவன் பிள்ளைகளானார்கள். அரசர்கள் போனார்கள், சொல் தங்கிவிட்டது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த முதற்பொருளை அப்படியே பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும்; இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டன், பூட்டன் இருவரும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? தாய்வழியோ கணக்கிலேயே இல்லை.

வம்சாவளி வாசல் அடைபட்டவர்களுக்கு 1949இல் பதிவு வாசல் ஒன்று திறந்தது. 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின; பதிவானோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அவர்கள் ‘பதிவுப் பிரஜை’கள். பிறப்பைச் சொல்லும் பெயரில் பதிவை ஒட்டவைத்த விசித்திரக் கூட்டுச்சொல்! மற்றவர்கள் ‘நாடற்றவர்’ ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது.

‘குடியுரிமை’யில் உள்ள ‘குடி’க்கும் குலம் என்ற பொருள் உண்டு, திருக்குறளின் ‘குடிமை’ அதிகாரம் பேசுவது அதைத்தான். ஆனால் இச்சொல்லில் வந்து வாழ்பவருக்கும் இடமிருக்கிறது: குடிபுகுதல், குடியேறுதல், குடியிருப்பு. வாடகைக்கு இருப்பவர் தருவதும் குடிக்கூலிதான். பிரஜையைக் குறிக்கும் சிங்களச் சொல்லான ‘புரவெசி’யும் ஊரில் வசிப்பவர் என்றே பொருள்படும். வசிப்பைச் சொல்லும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் பூட்டனின் பிறப்பைக் கேட்டார்கள்.

1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் சந்ததியையும் பிரஜைகளாக ஏற்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.