ஸ்லோபோடன் சான்ட்ராச்

ஸ்லோபோடன் சான்ட்ராச் (1 ஜூலை 1946 – 13 பிப்ரவரி 2016) செர்பியக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். யூகோஸ்லாவிய முதல் பிரிவு லீக்கில் 365 ஆட்டங்களில் 218 கோல் அடித்தவர். அந்த லீக்கின் வரலாற்றில் வேறெவரும் 200-ஐக்கூட எட்டவில்லை. 1994 முதல் 1998 வரை யூகோஸ்லாவியத் தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்து, ஐ.நா. விதித்த தடையிலிருந்து வெளிவந்த அந்த அணியைப் பிரான்ஸ் உலகக் கோப்பைக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டே சீனாவில் ஒரே பருவத்தில் லீக்கையும் கோப்பையையும் வென்றார்.

மேற்கு செர்பியாவில் உள்ள கொசெல்யேவா என்னும் சிற்றூரில் பிறந்தவர். வட்டாரக் கழகங்களில் ஆடிய பிறகு 1965-இல் தலைநகரின் ஓஎஃப்கே பெல்கிரேடு கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்து யூகோஸ்லாவியக் கால்பந்தில் ரெட் ஸ்டார், பார்ட்டிசான், டினாமோ ஸாக்ரெப், ஹைடுக் ஸ்பிளிட் என்னும் நான்கு கழகங்களின் கையே ஓங்கியிருந்தது. முதல் இரண்டும் பெல்கிரேடிலேயே இருந்ததால், அதே நகரத்து ஓஎஃப்கே அவற்றின் நிழலில் வாழ வேண்டியிருந்தது. ஆனாலும் அது எளிதில் வீழும் அணியாக இருக்கவில்லை. 1966 யூகோஸ்லாவியக் கோப்பை இறுதியாட்டத்தில் டினாமோ ஸாக்ரெப்பை 6–2 என்று வென்றது. 1972–73 யூஈஎஃப்ஏ கோப்பையில் நெதர்லாந்தின் ஃபெயெனூர்டை வெளியேற்றிக் கால் இறுதிவரை போனது.

சான்ட்ராச் தம் கோல்களில் பெரும்பகுதியை இந்தக் கழகத்துக்காகவே அடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். சாம்பியன் அணியின் முன்கள வீரருக்குப் பந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும்; நடுத்தர அணியில் அந்த வசதி இராது. இருந்தும் லீக்கின் அதிகக் கோல் அடித்தவர் என்ற இடத்தை நான்கு முறை பிடித்தார். 1968-இல் 22 கோல். 1970-இல் 20 கோலுடன் மோஸ்டார் நகரத்து வெலெஷ் கழகத்தின் துஷான் பயேவிச்சோடு அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1973-இல் 25 கோல்; அப்போதும் ரெட் ஸ்டாரின் வோயின் லாஸரெவிச்சோடு பகிர வேண்டியிருந்தது. இடைப்பட்ட 1971–72 பருவமே அவருடைய உச்சம். 18 கழகங்கள் ஆடிய, 34 சுற்றுகள் கொண்ட அந்தப் பருவத்தில் 33 கோல் அடித்தார். ஜெர்மனியின் கெர்ட் முல்லர் 40 கோல் அடித்த பருவமும் அதுதான். இல்லாவிட்டால் ஐரோப்பா இந்த எண்ணை இன்னும் சத்தமாகப் பேசியிருக்கும்.

இத்தனை கோல் அடித்தவர் தேசிய அணிக்காக ஆடியது 1966-க்கும் 1974-க்கும் இடையே 8 முறை மட்டுமே, கோலும் ஒன்றுதான். அவருக்குத் திறமை போதவில்லை என்று இதைப் படிப்பது தவறாகும். யூகோஸ்லாவியா முன்கள வீரர்களுக்குப் பஞ்சமே இல்லாத நாடு. 1968 ஐரோப்பியக் கோப்பையில் இறுதியாட்டம் வரை சென்ற அணியில் இடப்புறத்தை ட்ராகன் ஜாயிச் ஆண்டார். நடுவில் முசெமிச், பயேவிச், ஷுர்யாக் என்று அடுத்தடுத்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர். வாரந்தோறும் லீக்கில் கோல் குவிப்பவரைவிட, ஜாயிச்சின் பந்துக்கு ஏற்றபடி நகரத் தெரிந்தவரே தேர்வாளர்களுக்குத் தேவைப்பட்டார் போலும். 1974 உலகக் கோப்பை அணியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டிலேயே அவர் நாட்டை விட்டுக் கிளம்பினார். 28 வயது நிறையாத வீரர்களை வெளிநாட்டுக் கழகங்களில் ஆட யூகோஸ்லாவியா அக்காலத்தில் அனுமதிக்கவில்லை. சான்ட்ராசுக்கு 1974 ஜூலையில் 28 நிறைந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து கிராஸ்ஹாப்பர் கழகத்தில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு 1976-இல் ஓஎஃப்கேவுக்குத் திரும்பினார். 28 வயது விதியால் யூகோஸ்லாவிய வீரர்கள் தம் இளமையை உள்நாட்டிலேயே செலவிட்டனர். லீக்கின் தரம் உயர்ந்ததற்கு அது ஒரு காரணம். 218 என்ற எண்ணிக்கை சாத்தியமானதற்கும் அதுவே காரணம் எனலாம்.

1978-இல் பார்ட்டிசானுக்கு மாறினார். முந்தைய பருவத்தின் சாம்பியனான அந்தக் கழகம் அவர் சேர்ந்த பருவத்திலேயே 15-ஆம் இடத்துக்குச் சரிந்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. 1980-இல் பெல்கிரேடை ஒட்டிய ஸெமுனின் கலெனிகா கழகத்துக்குச் சென்றார். அது 1982-இல் முதல் பிரிவுக்கு ஏறியது. மறு ஆண்டு, 37 வயதை நெருங்கும்போது, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1992-இல் நாடு உடைந்தபோது அந்த லீக்கும் முடிந்துபோனதால் அவருடைய சாதனையை இனி யாரும் முறியடிக்க வழியில்லை.

பயிற்சியாளராக அவருக்குப் பெரிய பொறுப்பு வந்தது 1994-இல். போஸ்னியப் போரை முன்னிட்டு 1992 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் எஞ்சிய யூகோஸ்லாவியா மீது தடை விதித்தது. விளையாட்டும் அதில் அடக்கம். அணி போட்டி நடந்த ஸ்வீடனுக்கு வந்து சேர்ந்த பிறகே அவ்வாண்டின் ஐரோப்பியக் கோப்பையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்தில் அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையையே வென்றது. 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றும், 1996 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றும் கைவிட்டுப் போயின. 1994 செப்டம்பரில் விளையாட்டுத் தடை தளர்த்தப்பட்டபோது, உலகின் பெரிய கழகங்களில் ஆடும் வீரர்கள் இருந்தும் இரண்டரை ஆண்டுகளாக ஒன்றுசேர்ந்து ஆடாத ஓர் அணியே சான்ட்ராச்சிடம் வந்தது.

முதல் ஆட்டம் 1994 டிசம்பர் 23 அன்று பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில். எதிரே இருந்தது அதே ஆண்டின் உலகச் சாம்பியன், தோல்வி 0–2. அடுத்து அர்ஜென்டினாவிடம் 0–1. 1995 மார்ச் 31 அன்று பெல்கிரேடில் உருகுவேயை 1–0 என்று வென்றபோதுதான் அணி சொந்த ரசிகர்களைப் பார்த்தது. கோலை அடித்தவர் சாவோ மிலோஷெவிச்.

1998 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஸ்பெயினும் செக் குடியரசும் அதே பிரிவில் இருந்தன. செக் அப்போது ஐரோப்பாவின் இரண்டாம் இடத்து அணி. அதை இரு ஆட்டங்களிலும் யூகோஸ்லாவியா வென்றது. ஸ்பெயினிடம் வெளியூரில் மட்டும் தோற்று, 10 ஆட்டங்களில் 23 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. எனவே ஹங்கேரியுடன் இரண்டு ஆட்டத் தீர்வுச் சுற்று ஆட வேண்டி வந்தது. 1997 அக்டோபர் 29 அன்று புடாபெஸ்டில் முதல் பத்து நிமிடங்களுக்குள் மூன்று கோல் விழுந்தன. முடிவு 7–1. பெல்கிரேடில் 5–0. இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துப் பிரெட்ராக் மியாட்டோவிச் மட்டும் ஏழு கோல் அடித்தார். அந்தத் தகுதிச் சுற்றில் அவருடைய மொத்தக் கணக்கு 14.

பிரான்சுக்குச் சென்ற அணியில் 33 வயதுத் தலைவர் ட்ராகன் ஸ்டோய்கோவிச்சும் இருந்தார், 19 வயது தேயான் ஸ்டான்கோவிச்சும் இருந்தார். தடையாண்டுகள் தின்றது போக எஞ்சிய மூத்த தலைமுறைக்கு இதுவே கடைசி உலகக் கோப்பை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஈரானை சினிஷா மிஹாய்லோவிச்சின் ஃப்ரீ கிக்கால் 1–0 என்று வென்றனர். ஜெர்மனிக்கு எதிராக 2–0 என்று முன்னிலை பெற்றும், ஒரு சுய கோலும் பியர்ஹாஃபின் தலையடியும் சேர்ந்து 2–2 ஆக்கிவிட்டன. அமெரிக்காவை 1–0 என்று வென்றும் கோல் வித்தியாசத்தில் ஜெர்மனிக்குப் பின்னால் நின்றதால், அடுத்த சுற்றில் நெதர்லாந்தைச் சந்திக்க நேர்ந்தது.

ஜூன் 29 அன்று துலூஸில் நடந்த அந்த ஆட்டம் சான்ட்ராசின் பயிற்சி வாழ்வில் அதிகம் பேசப்படுவது. பெர்க்காம்பின் கோலுக்கு இடைவேளை முடிந்ததும் கொம்லெனோவிச் பதிலடி கொடுத்தார். சில நிமிடங்களில் யூகோஸ்லாவியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஒரு மாதத்துக்கு முன்பு ரியால் மாட்ரிடுக்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தன் கோலால் வென்று தந்த மியாட்டோவிச் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. 90 நிமிடம் கடந்த பிறகு நெதர்லாந்தின் எட்கர் டாவிட்ஸ் தொலைவிலிருந்து அடித்த கோலில் ஆட்டம் முடிந்தது. சான்ட்ராச் விலகினார், மிலான் ஷிவாடினோவிச் பொறுப்பேற்றார்.

1999-இல் சீனாவின் ஷான்டாங் லூனெங் கழகம் அவரை அழைத்தது. 1994-இல்தான் தொழில்முறையாக மாறிய சீன லீக்கில் ஷான்டாங் அதுவரை பட்டம் வென்றதில்லை. அந்தப் பருவம் கடைசி நாள்வரை இழுத்தது: லியாவ்நிங் தன் ஆட்டத்தைச் சமன் செய்ய, ஷான்டாங் வூஹானை 5–0 என்று வென்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனது. கோப்பையும் அவர்களுக்கே. சீனத் தொழில்முறைக் கால்பந்தில் இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் கழகம் அது.

அதன் பிறகான பதவிகள் நீடிக்கவில்லை. 2001 ஆகஸ்டில் சவூதி அரேபிய அணியுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் இறுதிக் கட்டத்தைத் தொடங்கினார். பஹ்ரைனுடன் சமநிலை, ஈரானிடம் தோல்வி. இரண்டே ஆட்டங்களில் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த நாசர் அல் ஜோஹர் அதே அணியை உலகக் கோப்பைக்குக் கொண்டுசென்றார். 2005-இல் மாசிடோனியத் தேசிய அணிக்குச் சில மாதங்கள் பயிற்சியளித்தார். பிறகு மீண்டும் சீனக் கழகங்களில் பணியாற்றினார். 2016 பிப்ரவரியில் தமது 69-ஆம் வயதில் காலமானார்.