தன்னுடல் தாக்கு நோய்களின் பெருக்கமும் மன்னார்க் கரையும்

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி, சொந்த இழையங்களையே அந்நியமாகக் கருதித் தாக்குவதால் வருபவை தன்னுடல் தாக்கு நோய்கள். முதலாம் வகை நீரிழிவு, முடக்குவாதம், லூப்பஸ், தைரொயிட் சுரப்பியை மெல்ல அழிக்கும் ஹஷிமோட்டோ நோய் ஆகியவை இவற்றுள் அடங்கும். ஐக்கிய இராச்சியத்தில் 2 கோடியே 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, பத்தில் ஒருவருக்கு இந்நோய்களில் ஒன்றாவது உண்டு. பெண்களில் 13 வீதமும் ஆண்களில் 7 வீதமும் பாதிக்கப்பட்டுள்ளனர். அமெரிக்காவில், உயிரணுக் கருவைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் 1988–91 காலத்தில் 11 வீதமானோரிடம் காணப்பட்டன. 2011–12இல் இது 15.9 வீதமாயிற்று.

பரம்பரையலகுகள் ஒரு தலைமுறைக்குள் மாறிவிடுவதில்லை. ஆகவே விடையைச் சூழலில்தான் தேட வேண்டும். சிறுவரின் முதலாம் வகை நீரிழிவு உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடு பின்லாந்து. எல்லைக்கு அப்பால், நெருங்கிய பரம்பரைப் பின்னணியுள்ள ரஷ்யக் கரேலியாவில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். இங்கிலாந்தின் பிராட்போர்டில் குடியேறிய தென்னாசியக் குடும்பங்களின் சிறுவரிடம் 1978–81இல் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.1 ஆக இருந்த இந்நோய், 1988–90இல் 11.7 ஆக உயர்ந்தது. இலண்டனிலும் டொரொண்டோவிலும் பிள்ளை வளர்க்கும் நம்மவர் மனதில் வைக்க வேண்டிய செய்தி இது. சிறுவயதுத் தொற்றுகள் குறைந்ததால் நோயெதிர்ப்பு நெறிப்படுவதும் குறைந்தது என்ற விளக்கம், 1989இல் பிரித்தானியத் தொற்றுநோயியலாளர் டேவிட் ஸ்ட்ராக்கன் ஒவ்வாமை பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலாயிற்று.

வடமேற்கு இலங்கையின் மன்னார்த் தீவையும் எதிரே உள்ள பெருநிலக் கரையையும் பொறுத்தவரை, தொற்று என்றதும் நினைவுக்கு வருவது மலேரியா. இலங்கையின் உலர்வலயத்தை அது தலைமுறை தலைமுறையாக வாட்டியது. ஆற்றுப் படுகைகளில் மழையற்ற மாதங்களில் தேங்கும் நீரில் அதைப் பரப்பும் நுளம்பு பெருகும். மலேரியாவுக்கும் தன்னுடல் தாக்கு நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் சுட்டியவர் பிரித்தானிய மருத்துவர் பிரையன் கிரீன்வுட். நைஜீரியாவில் இந்நோய்கள் அரிதாக இருப்பதை 1968இல் பதிவுசெய்த அவர், லூப்பஸ் போன்ற நோய் இயல்பாகவே வரும் எலிகளுக்கு மலேரியா தொற்றினால் அந்நோய் அடங்குவதை 1970இல் சகாக்களோடு காட்டினார். ஆயினும் மலேரியா பறித்த உயிர்களின் முன் இதை ஒரு நன்மையாக எண்ண இடமே இல்லை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவின் நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு இலங்கையில் முதன்முறையாக மன்னார்த் தீவின் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. மலேரியா திரும்பிவிடாமல் காக்க இங்கே கிணறுகளைக் கண்காணிக்கும் வேலை இன்றும் முக்கியமானது.

மன்னாரோடு இன்னும் நெருங்கிய தொடர்புள்ளதும் இந்நோய்களின் கதையில் இடம்பெறுவதும் உப்பு. இங்குள்ள அரச உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திகளில் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். கடலில் விளைவதால் அதில் அயடின் தானாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் காயவைத்து எடுத்த உப்பில் எஞ்சும் அயடின் மிகச் சொற்பம். மீன் உண்ணும் கரையோர மக்களுக்கு உணவிலிருந்து ஓரளவு கிடைக்கும். மழை மண்ணை அலசிச் செல்லும் தென்மேற்கு ஈரவலயத்திலோ, அயடின் குறைவால் தைரொயிட் சுரப்பி வீங்கும் கண்டக்கழலை நெடுங்காலப் பிரச்சினை. 1995இல் இலங்கை, உண்ணும் உப்புக்கு அயடின் சேர்ப்பதைச் சட்டமாக்கியது.

சில ஆண்டுகளில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. தைரொயிட் சுரப்பியின் தைரோகுளோபுலின் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இலங்கைப் பள்ளி மாணவியரிடம் வழமைக்கு மீறி இருப்பதாக 2000இல் ஓர் ஆய்வு கூறியது. அயடின்தான் காரணமா என்றும் கேட்டது. கேள்விக்கு அடிப்படை உண்டு: அயடின் கூடுதலாகச் சேர்ந்த தைரோகுளோபுலினை நோயெதிர்ப்புத் தொகுதி எளிதில் குறிவைக்கிறது. பற்றாக்குறை நிலவிய நாடுகள் பலவற்றில், அயடின் கொடுக்கத் தொடங்கிய பின் தைரொயிட் தன்னெதிர்ப்பு கூடியிருக்கிறது. ஆனால் பிறபொருளெதிரி இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடமாட்டார். 2003இல் வெளியான தொடராய்வு, இலங்கைச் சிறுவரிடம் அப்பிறபொருளெதிரிகள் குறைந்துவருவதைக் காட்டியது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயடின் இன்றியமையாதது. இந்த ஆய்வுகளைக் காட்டி அயடின் உப்பைக் கைவிடச் சொல்வது தவறான, ஆபத்தான ஆலோசனை.

சுத்தம் கூடக் கூடத் தன்னுடல் தாக்கு நோய்கள் எல்லாமே கூடும் என்றும் கொள்ளக்கூடாது. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றுக்குப் பின் இதய வால்வுகளைத் தாக்கும் வாதக்காய்ச்சலும் தன்னுடல் தாக்கு நோயே. அது நெரிசலிலும் வறுமையிலும் பெருகி, வசதி கூடும்போது குறைகிறது. போரும் இடப்பெயர்வும் கண்ட மன்னார்க் கரையில், பிள்ளைகளின் தொண்டை நோவை அலட்சியம் செய்யலாகாது.

தன்னுடல் தாக்கு நோய்களில் பலவற்றை முற்றாகக் குணப்படுத்த முடியாவிட்டாலும் கட்டுப்படுத்தலாம். தைரொயிட் சுரப்புக் குறைந்தவருக்கு நாளும் வெறும் வயிற்றில் ஒரு லீவோதைரொக்சின் மாத்திரை போதும். தீராத சோர்வு, காரணமின்றி எடை கூடுதல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் குழப்பம் ஆகியவற்றை வேலைக் களைப்பு என்றோ வயது என்றோ பெண்கள் ஒதுக்கிவிடாமல், இரத்தத்தில், தைரொயிட்டைத் தூண்டும் டிஎஸ்எச் இயக்குநீரின் அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சீனி வருத்தம் பெரியவர்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணமும் மாற வேண்டும். அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்தும் வரும் பிள்ளையை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். இன்சுலின் தாமதமானால் இந்த நோய் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும்.