ஊதியம் கேட்ட வீராங்கனைகள்

விளையாட்டின் வரலாற்றை வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே நாம் பெரிதும் படித்து வந்திருக்கின்றோம். மைதானத்தில் ஓடுபவரும் உழைப்பாளியே என்பதை அப்பட்டியல் கூறுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1978 முதல் 1981 வரை மூன்று பருவங்கள் மட்டுமே வாழ்ந்த பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் கதை இவ்வுண்மையை நன்கு உணர்த்துகின்றது.

1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரென்சன் என்னும் ஆசிரியை சிமித் பெண்கள் கல்லூரியில் அதனைப் புகுத்தினார். பெண்ணுடல் களைப்பைத் தாங்காது என்பது அக்கால நம்பிக்கை. ஆகவே ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தன் பகுதியைக் கடந்து ஓட எவளுக்கும் உரிமை இருக்கவில்லை. அந்தக் கோடுகள் அழிய நெடுங்காலம் சென்றது. அரச நிதி பெறும் கல்விக்கூடங்களில் பால் வேற்றுமை காட்டலாகாது எனும் சட்டம் 1972 இல் வந்தது. 1976 இல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் கூடைப்பந்தாட்டம் இடம்பெற்றது. கல்லூரிகள் திறமைசாலிகளை உருவாக்கின. ஆனால் கல்லூரிக்குப் பின் அவர்களுக்குத் தொழில் இல்லை.

இவ்வெற்றிடத்திலேயே பில் பேர்ண் என்னும் முயற்சியாளர் எட்டு அணிகளைத் திரட்டினார். 1978 டிசெம்பர் 9 ஆம் திகதி மில்வோக்கி நகரில் நடந்த முதல் ஆட்டத்தைக் காண 7,824 பேர் கூடினர். மக்கள் பெண்களின் ஆட்டத்தை விரும்பார் என்ற வாதத்திற்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டுமோ?

அடுத்த பருவத்தில் அணிகள் பதினான்காயின. முதலாளிகளின் எண்ணிக்கை பெருகிற்றேயன்றி முதல் பெருகவில்லை. வீராங்கனைகள் பலருக்கு ஆண்டுச் சம்பளம் 5,000 டொலருக்கும் 15,000 டொலருக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. அதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் அணியொன்றோ தன் வீராங்கனைகளை ஒப்பனையும் நடையழகும் கற்பிக்கும் பள்ளிக்கு அனுப்பியது. ஆட்டத்தை விற்க வந்தோர் அழகை விற்க முனைந்தனர். உழைப்பவள் பெண்ணாயின், அவள் உழைப்போடு தோற்றமும் சந்தைக்கு வந்துவிடுகின்றது.

1981 மார்ச் மாதம் சிக்காகோவில் ஓர் இரவு. சம்பளப் பாக்கி தீராத நிலையில், மினசோற்றா அணியின் வீராங்கனைகள் ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில் களத்தைவிட்டு வெளியேறினர். பார்வையாளர் திகைத்தனர். ஆலைத் தொழிலாளி இயந்திரத்தை நிறுத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? அப்பருவத்தோடு சங்கமும் மறைந்தது.

பெண்களின் ஆட்டத்திற்குச் சந்தையில்லை என்று அன்று பலர் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. தோற்றது ஆட்டமன்று, போதிய முதலின்றி, பெண்ணுழைப்பு மலிவாகவே கிடைக்கும் என்று நம்பிய வணிகமே தோற்றது. 1997 இல் தொடங்கிய புதிய பெண்கள் சங்கம், ஆண்கள் சங்கத்தின் செல்வத்தைப் பின்பலமாகக் கொண்டு நிலைத்தமை இதற்குச் சான்று.

2018 இல் பெண்கள் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் அம்முன்னோடிகளைக் கௌரவித்தது. கௌரவம் நன்று. ஆயினும் அவர்கள் களத்தில் நின்று கேட்டது மாலையையன்று, கூலியை.