தேரிக்காட்டுப் பள்ளிகள்

சாத்தான்குளத்தைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தில் நடந்து பார்ப்பவர்க்குச் செம்மணல் தேரியும் பனங்காடும் கண்ணிற்படும். நெடுங்காலமாக இங்கு ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது பனையே. பதநீர்க் காலம் வந்துவிட்டால் தந்தை மரத்திலிருப்பார். தாய் விடிலியில் கருப்புக்கட்டி காய்ச்சுவாள். சிறுவன் அடுப்புக்கு ஓலையும் மட்டையும் பொறுக்குவான். அந்த மாதங்களில் பள்ளிக்கு வருவார் யார்? இந்நாட்டில் பள்ளி நடத்த முற்பட்ட எவரும் விடை காணவேண்டியிருந்த முதற் கேள்வி இதுவே.

இப்பகுதியைச் சேர்ந்த டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பை ஏற்படுத்தினார். கோயில் எழும்பிய ஊர்களில் பள்ளியும் எழுந்தது. பல இடங்களில் உபதேசியாரே ஆசிரியர், கோயிலே வகுப்பறை. தொடங்குவது எளிதாயிருந்தது, நிலைநிறுத்துவதே அரிதாயிருந்தது.

1841இல் ராபர்ட் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். இலக்கண ஆசிரியராக அவரை மாணவர்கள் அறிவர். ஆனால், பள்ளிக் கதையில் அவரைவிட அவர் மனைவியாரையே நான் முன்னே நிறுத்துவேன். எலைசா அம்மையார் நாகர்கோவில் மிஷனைச் சேர்ந்த மால்ட் தம்பதியரின் மகள். தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844இல் மணமாகி வந்தபின் இடையன்குடியில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். பெண் படிப்பதா என்று ஊரார் நகைத்த காலம் அது. வீட்டில் பெண் பிள்ளை தண்ணீர் சுமப்பாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்வாள். அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் ஏழைத் தாய்க்குக் கை ஒடிந்தது போலாகும். அம்மையாரின் தாயார் நாகர்கோவிலில் லேஸ் என்னும் நூற்பின்னலைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அக்கலை இடையன்குடிக்கும் வந்தது. எழுத்தோடு பின்னலும் கற்ற பெண்ணின் கைக்குக் கூலி கிடைத்தது. இழப்பாகத் தோன்றிய படிப்பு வரவாகத் தோன்றத் தொடங்கியது. பின்னல் வேலை படிக்கும் நேரத்தை விழுங்கிவிடாதா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆயினும் பெண் பள்ளி வாயிலை மிதித்தால்தானே அடுத்த பேச்சு!

ஊருக்கொரு பள்ளி வேண்டுமானால் ஊருக்கொரு ஆசிரியர் வேண்டும். அக்குறையை நீக்க முனைந்தவர் ஜி. யு. போப். 1840களில், இன்னும் முப்பது வயது நிரம்பாத இளைஞராக, சாயர்புரத்தில் செமினரியை நிறுவினார். கண்டிப்பு மிகுந்தவர். அங்கே பயின்றவர்கள் பனங்காட்டு ஊர்களுக்கு உபதேசியாராகவும் ஆசிரியராகவும் சென்றனர். கட்டடம் எழுப்புவதினும் ஆசிரியரை உருவாக்குவதே பள்ளியை உயர்த்தும் வழி என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கல்வி கொடுத்தவர்கள் எதிர்பாராத விளைவும் உண்டு. திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றிக் கால்டுவெல் எழுதி 1849இல் வெளிவந்த ஆங்கில நூல் அச்சமூகத்தைத் தாழ்த்திப் பேசியது. அவரைப் போன்றோர் நடத்திய பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறைதான் அந்நூலைப் படித்துக் கொதித்தது, எதிர்த்து எழுதியது. மிஷனில் பணிபுரிந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை 1857இல் பிரிந்து சென்று, நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் வெள்ளையர் கைப்படாத தனிச் சபையே கண்டார். ஆசிரியரை மறுத்துப் பேச மாணவன் கற்றுக்கொண்டான் என்பதைப் பள்ளியின் தோல்வியாக நான் கருதவில்லை.

1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. அக்காலத்தில் நாசரேத்தில் பணியேற்றவர் ஆர்தர் மர்காஷிஸ். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தார். 1878இல் தொழிற்பள்ளி தொடங்கினார். அங்கே ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் பயில்விக்கப்பட்டது. தம் வாழ்நாள் முடிவான 1908 வரை அவர் அவ்வூரிலேயே உழைத்தார். பதநீர்க் காலம் வந்தபோதும் வீட்டுக்கு அழைத்துச் செல்ல யாருமற்ற பிள்ளைகள் அவர்கள். ஆண்டு முழுவதும் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே வீடாயிருந்தது.